கொண்டச்சி ஸ்டோரில் இருந்த ஒன்று

சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று ஸ்டோரில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் வந்து கேட்டார்கள். வாழ்த்துச் சொல்லப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வாழ்த்து இல்லை. படித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் விட்டுவிடுங்கோ, எனக்குக் கோபம் வராது.

நான் பிலோமினா. உப்புக்குளத்தில் இருந்த எங்கள் மீனவர் சங்கத்தின் பெரிய ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இந்தச் சங்கத்தில் கொம்பியூட்டரில் ஸ்டோர் நடத்தப் பழகின முதல் பொம்பிளை நான்தான். அதையும் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு, போனிலேயே எல்லா ஸ்டோரையும் பார்க்கிற புதிசு ஒன்று போடப்போகிறார்களாம். பிள்ளைகளுக்கு அதில் பயம். "அம்மா, நீங்கள் அந்த நாளில எப்பிடித்தான் பழகினீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். "சமைக்கத் தெரியுமோ உனக்கு? தெரிஞ்சால் இதுவும் பழகலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கவென்று நான் அதைச் சொல்லவில்லை.

சண்டை முடிந்து, இந்தியாவில் முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்த காலம். என் மனுசன் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். வந்து பார்த்தால் வளவில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. சங்கத்து ஸ்டோரில் கூட்டித் துடைக்க ஆள் தேவை என்றார்கள், போனேன். பிறகு வலை பிரித்து அடுக்கினேன், பிறகு சாமான் எடுத்துக் கொடுத்தேன், பிறகு ஸ்டோர்ப் பூட்டின் திறப்பு என் கைக்கு வந்தது. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் வலை வேணும், கயிறு வேணும், எஞ்சினுக்குச் சாமான் வேணும். கடலுக்குப் போகாமல் அடுப்பு எரியாது.

கொம்பியூட்டர் வந்தபோது அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தவர் ஞானசீலன் சேர். எங்கள் மனேஜர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேணும். உயர்ந்த மனிசன், அசைந்து அசைந்துதான் நடப்பார். செருப்பை ஸ்டோர் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். "சேர், இது கோயில் இல்லை" என்று நான் சொன்னால், "சாமான் வைக்கிற இடம்தானே அக்கா" என்பார். என்ன அர்த்தமோ. என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவதற்கு முன் "இருக்கலாமோ?" என்று கேட்பார். அது அவருடைய கந்தோர், அவருடைய கதிரை. ஆனாலும் கேட்பார்.

நான் பழகும்போது அவர் ஒரு பட்டனையும் தொடமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் பிழையாக எதையாவது அமத்தப் போனால் இருமுவார். அவ்வளவுதான். வாய் திறந்து பிழை என்று சொல்லமாட்டார். ஒரு நாள் தடிமன் பிடித்து வந்து காலையிலிருந்து இருமிக்கொண்டு நின்றார். அன்றைக்கு என்னால் ஒரு சாமானும் பதிய முடியவில்லை. மத்தியானம் போல, "சேர், நீங்கள் வீட்டை போங்கோ, இல்லாட்டி நான் போறன்" என்றேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். அதனால் பட்டன்களை இடத்தை வைத்துத்தான் பழகினேன். மேலே இடப்பக்கம் பச்சை, சாமான் வருகிறது. பக்கத்தில் சிவப்பு, சாமான் போகிறது. குசினியில் மிளகாய்த்தூள் பேணியிலும் மல்லிப் பேணியிலும் பெயரா எழுதி வைத்திருக்கிறோம்? கை போகிறதுதானே.

பிள்ளைகள் கேட்டதற்கு இரண்டொரு விசயம் சொல்லிவிடுகிறேன். ஒரு கறிக்கு இரண்டு பேர் உப்புப் போடக்கூடாது. எங்கள் ஸ்டோரில் முதலில் ஒரே பாஸ்வேட்டைத்தான் எல்லாரும் பாவித்தோம். கொழும்பிலிருந்து வலை வந்து இறங்கின அன்று நானும் பதிந்தேன், கணக்குப் பகுதிப் பிள்ளையும் பதிந்தாள். ஸ்கிரீனில் வலை இரட்டிப்பாகிவிட்டது. ஆளுக்கொரு பாஸ்வேட் அன்றைக்குத்தான் வந்தது. என்னுடையதை நான் என் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

கயிற்றிலும் ஒரு பாடு பட்டோம். கயிறு வருவது உருளையாக. கொடுப்பது பாகக் கணக்கில், கையை விரித்து அளந்து. நான் ஒரு உருளை வந்தது என்று ஒன்று போட்டேன். கொடுத்ததை நாற்பது பாகம் என்று போட்டேன். மெசின் ஒன்றிலிருந்து நாற்பதைக் கழித்து, இல்லாத கயிற்றை நான் கொடுத்ததாகச் சிவப்பில் காட்டியது. எங்கள் லொறி சாரதி சூசை எட்டிப் பார்த்துவிட்டு, "கானாவூரில தண்ணி திராட்சை இரசமானது. உப்புக்குளத்தில காத்து கயிறாகுது. பிலோமினாக்கா, அடுத்ததா அப்பம் பலுகச் செய்யுங்கோ" என்றான். அவனுடைய வாய்க்குப் பூட்டே இல்லை. சேர் மட்டும் சிரிக்காமல், அரிசியைக் கொத்தால் வாங்கிச் சுண்டால் அளந்து போடுகிறோமே, அதுபோல ஒரு உருளைக்கு இத்தனை பாகம் என்று இரண்டு அளவுக்கும் முடிச்சுப் போட வேணும் என்று காட்டித் தந்தார்.

சாமான் கொடுக்கிற முறை என்று ஒன்றை அவர் எங்களுக்கு வைத்திருந்தார். ஆள் வந்து கேட்டால் ஸ்கிரீனைப் பார்க்கக்கூடாது. எழும்பிப் போக வேணும். றாக்கையில் சாமானின் மேல் கையை வைக்க வேணும். பெயரையும் எத்தனை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேணும். பிறகு வந்து சிவப்பில் அமத்த வேணும். துண்டு அச்சாகி வந்த பிறகு கையெழுத்து, கையெழுத்துத் தெரியாதவருக்குப் பெருவிரல். அதற்குப் பிறகுதான் சாமான் மேசையைத் தாண்டும். "அவசரமா இருக்கு அக்கா, சாமானைத் தாங்கோ, பிறகு பதியுங்கோ" என்று கெஞ்சுவார்கள். சோற்றை வடித்துவிட்டு உப்புப் போட்டால் உப்பு எங்கே பிடிக்கும்? நான் கொடுத்ததில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டின ஆட்கள் தோட்டவெளியில் இப்போதும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

கொண்டச்சிப் பக்கத்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரு சின்ன ஸ்டோர் இருந்தது. புத்தளத்துக்கு இடம்பெயர்ந்திருந்த முஸ்லிம் சனங்கள் ஊர் திரும்பின பிறகு திறந்தது. ஒரு தகரக் கொட்டில். அதற்குப் பொறுப்பு சுலைஹா றாத்தா. என்னை விட மூத்தவ. வெள்ளை முக்காட்டில் ஒரு பொட்டு அழுக்குப் பார்க்க முடியாது. றாக்கையில் பெட்டிகளைத் துணியால் துடைத்து, முகம் எல்லாம் ஒரு பக்கம் பார்க்க அடுக்கி வைத்திருப்பா. பழக்குவதற்காக எங்கள் ஸ்டோருக்கு வந்து சில நாள் என் பக்கத்தில் இருந்தவ. நான் காட்ட அவ பழகினா. அந்தப் பக்கத்தில் போன் சிக்னல் ஒரு பாலை மரத்தடியில் மட்டும்தான் வரும். பின்னேரத்தில் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மரத்தடியில் கதிரை போட்டிருந்து அன்றைய வரவு செலவை அனுப்புவா. அனுப்பிவிட்டு எனக்கு ஒரு கோல் எடுப்பா. "பிலோமினா, வந்து சேர்ந்திட்டா புள்ள?" சேர்ந்தது என்று சொன்னால், "அல்ஹம்துலில்லாஹ், இனி ஆடு மேயலாம்" என்பா. அந்த மரத்தடியில் ஆடுகளும் இருந்தன.

அது சோளகம் கிளம்பியிருந்த காலம். காலையில் ஸ்டோர் திறந்து கொஞ்ச நேரம்தான். தோட்டவெளி ரெஜினா கையில் போனைப் பிடித்தபடி ஓடிவந்தாள். அவளும் முகாமிலிருந்து வந்தவள்தான். அவளுடைய மனுசன் செபஸ்தியான் தனிய வடகடலுக்குப் போயிருந்தான்.

"அக்கா, அவர் இப்ப கதைச்சவர். எஞ்சின் நிண்டிட்டுதாம். காத்து வெளிய இழுக்குதாம். கரை தெரியேல்லையாம். அதுக்குப் பிறகு எடுக்கிறன், எடுக்கிறன், போன் போகுதில்லை."

சோளகம் தரையிலிருந்து வடகடலை நோக்கி அடிக்கிற காற்று. நின்றுபோன வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே போகும். சின்ன வள்ளங்களில் அவனுடைய சொந்தக்காரர் உடனே போனார்கள். நேவிக்கும் சொல்லியாயிற்று, அவர்களும் தேடப் புறப்பட்டார்கள். ஆனால் அந்தக் காற்றில் சின்ன வள்ளம் தூரப் போக ஏலாது. தூரப் போகக்கூடியது எங்கள் சங்கத்துப் பெரிய வள்ளம் ஒன்றுதான். அது கரையில் நின்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் இழுத்துக் குளிரப்பண்ணுகிற பம்பில் ஒரு றப்பர் சக்கரம் இருக்கிறது. மெக்கானிக் அதைக் கழற்றிக் கையில் கொண்டுவந்தார். இதழ் இதழாகக் கிழிந்திருந்தது.

எங்களிடம் அது இல்லை. கடைசியாக இருந்ததை நானே வேறு வள்ளத்துக்குக் கொடுத்து, முடிந்தது என்று பதிந்து, கொழும்புக்கும் சொல்லியிருந்தோம். மன்னார்க் கடைகளுக்கு சூசை ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தான். அங்கும் இல்லை. சேர் என் பக்கத்தில் வந்து, அன்றைக்கும் "இருக்கலாமோ?" என்று கேட்டுவிட்டு இருந்து, மற்ற ஸ்டோர்களைத் திறந்து பார்த்தார்.

"கொண்டச்சியில ஒண்டு இருக்கு" என்றார்.

ரெஜினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அந்த ஒன்றைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். "கெதியாப் போங்கோ அக்கா" என்றாள். சுலைஹா றாத்தாவுக்கு எடுத்துப் பார்த்தோம். காலை நேரம், அவ மரத்தடியில் இல்லை. ஒரு ஸ்டோரிலிருந்து இன்னொரு ஸ்டோருக்குச் சாமான் மாற என் கையெழுத்து வேணும். சூசையோடு நானும் சின்ன லொறியில் ஏறினேன்.

பாலம் தாண்டும் வரைக்கும் சூசை ஒரு பகிடியும் விடவில்லை. தள்ளாடிச் சந்தியில், தெற்கே திரும்பினால் கொண்டச்சி, நேரே போனால் வவுனியா. அவன் லொறியை ஓரமாக நிற்பாட்டினான்.

"என்ன சூசை?"

"அக்கா, ஸ்கிரீனில எத்தினை இருந்தது?"

"ஒண்டு."

"றாத்தாவின்ர ஒண்டோ?" என்று கேட்டுவிட்டு ஸ்டேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளங்கச் சொல்லடா என்றேன். அவன் சொன்னான். கடதாசியில் எழுதின காலத்திலிருந்து கிழமைக்கு ஒருமுறை கொண்டச்சிக்குச் சாமான் கொண்டுபோகிறவன் அவன். றாத்தா எந்தச் சாமானையும் முடிந்துபோனதாக எழுதமாட்டா. முடிந்தாலும் ஒன்று என்றுதான் எழுதுவா. புதுசு வந்து இறங்கினவுடன் அந்த ஒன்றைக் கழித்துப் போடுவா. அவனுக்கு அது தெரியும். ஒன்று என்று கண்டால், "றாத்தா, சாமானோ, பறக்கத்தோ?" என்று கேட்பான். பறக்கத்து, அதாவது பெருக வேணுமென்று வைத்த ஒன்று, என்று அவ சொன்னால் அது முடிந்துவிட்டது.

"மெசினிலயும் அப்பிடித்தான் போடுறாவோ?"

"எனக்கென்ன தெரியும் அக்கா? நான் மெசினைப் பாக்கிறேல்லை. அவ வாயால சொல்லுவா, நான் ஏத்திக்கொண்டு போவன். சில நேரம் உண்மையாவே ஒண்டு இருக்கும். இல்லையெண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

நான் அதில் ஆச்சரியப்படவில்லை. எங்கள் வீட்டில் அரிசி முடிந்தால் இல்லை என்று சொல்வோமா? நிறைஞ்சு போச்சு என்றுதான் சொல்வோம். இல்லை என்ற சொல் பானைக்குக் கேட்டால் பானை பழகிவிடும் என்று என் தாய் சொல்லுவா. பானையைத் துடைத்து வழிக்கவும் விடமாட்டா, ஒரு பிடி கிடக்க வேணும். வேதம் வேறு, பானை ஒன்று. ஆனால் நான் அதை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்தவள். றாத்தா கொண்டுவந்துவிட்டா.

சந்தியில் நின்றபடி சேருக்கு எடுத்தேன். சொன்னேன். போனில் அவருக்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. ரெஜினாவாக இருக்க வேணும்.

"சூசை என்ன சொல்றார் அக்கா? நிச்சயமோ?"

"நிச்சயமில்லையாம் சேர். இருக்கவும் கூடுமாம்."

"வவுனியாவில கட்டாயம் எடுக்கலாம். ஆனா போய் வரப் பொழுது போயிடும். கொண்டச்சி அதில பாதித் தூரமும் இல்லை." பிறகு, "கொண்டச்சிக்குப் போங்கோ. நான்தான் சொன்னன் எண்டு வையுங்கோ" என்றார்.

அந்த இடத்தில் வேறு யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் இருந்தாலும்தான்.

அந்த றோட்டு இப்போது இருக்கிற மாதிரி இல்லை அப்போது. சூசை பள்ளம் பார்க்காமல் ஓட்டினான். நான் கையில் செபமாலையை வைத்திருந்தேனே ஒழிய ஒரு மணியும் உருளவில்லை. அந்த ஒன்று இருக்க வேணும், இருக்க வேணும் என்பதுதான் வாயில் வந்தது.

றாத்தா வாசலில் நின்றா. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம? வாங்க, வாங்க, தேத்தண்ணி வைக்கிறன்."

"றாத்தா, பம்புச் சக்கரம். றப்பர். ஒண்டு இருக்கெண்டு போட்டிருக்கிறீங்கள். ஒரு மனிசன் கடலில இழுபட்டுப் போறான். எடுங்கோ."

அவவின் முகம் போனதைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவ உள்ளே போனா. போகாமல் இருந்திருக்கலாம். றாக்கையின் முன்னால் போய், அந்தச் சாமானின் பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டினா. துடைத்து வைத்த வெறும் பெட்டி.

"பறக்கத்துக்கு வெச்சது" என்றா. "ஒண்டுமில்லையெண்டு போட்டா வராமப் போயிடும் எண்டு... நான் களவெடுக்கல்ல பிலோமினா. வந்த உடனே கழிச்சிப் போடுவன். எப்பவும் கழிச்சிப் போடுவன்." பிறகு சூசையைப் பார்த்து, "நீ கேக்கிறதானே மகன்? எப்பவும் கேக்கிறதானே? ஏன் நீ கேக்கல்ல?" என்றா.

சூசை வெளியே போய் லொறியைத் திருப்பினான்.

றாத்தா அந்தப் பெட்டியைப் பிடித்தபடி லொறிக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வந்தா. கண்ணாடியில் பார்த்தேன். முக்காடு சரிந்திருந்தது. அதை அவ கவனிக்கவில்லை.

அங்கிருந்து திரும்பி வந்து வவுனியாவுக்குப் போனோம். சாமான் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். மன்னாருக்கு வந்து சேர இருட்டிவிட்டது. மெக்கானிக் அதைப் பம்பில் பூட்டினார். விடியக் கருக்கலில் பெரிய வள்ளம் போனது.

அன்றைக்குப் பின்னேரம் செபஸ்தியானின் வள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். கவிழவில்லை. துடுப்பை நட்டு நிறுத்தி அதன் நுனியில் தான் போட்டிருந்த சேட்டைக் கட்டியிருந்தான், தூரத்தில் வருகிறவர்கள் காணவென்று. சேட்டு இருந்தது. அவன் இல்லை. பிறகும் பல நாள் தேடினார்கள்.

இரவே விழுந்தானா, விடிந்த பிறகா, வள்ளம் வருகிறதென்று நினைத்து நீந்தப் பார்த்தானா, ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

சங்கத்துக் கூட்டம் கூடியது. றாத்தாவை உடனே வேலையிலிருந்து நிற்பாட்ட வேணும் என்று தலைவர் மேசையில் அடித்தார். "பொய்க்கணக்குப் போட்ட மனிசி" என்றார். சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழும்பினார். "அவ போட்ட ஒண்டு சூசைக்கு விளங்கினது. எனக்கு விளங்கேல்லை. சூசைக்கு விளங்கின மட்டும் அது பொய்யா இருக்கேல்லை. அதை ஊர் முழுக்கப் பாக்கிற மெசினில ஏத்தினது நான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. தலைவர் அதற்குப் பிறகு மேசையில் அடிக்கவும் இல்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். கடதாசி நம்மோடு இருக்கும். அதை எழுதின கையைத் தெரிந்தவர்தான் அதை வாசிப்பார். மெசின் எண்ணை மட்டும் கொண்டுபோகும், எழுதினவளை விட்டுவிட்டுப் போகும். தூரத்தில் இருந்து பார்க்கிறவன் அதை நம்பி லொறி ஏறுவான். இனிப் போனில் பார்க்கப்போகிறார்களாம். இன்னும் தூரத்திலிருந்து பார்ப்பார்கள்.

கூட்டம் முடிந்து சேரும் நானும் கொண்டச்சிக்குப் போனோம். றாத்தா எங்களைப் பார்க்காமல் இருந்தா. சேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டிலுக்குள் போய், "இருக்கலாமோ றாத்தா?" என்று கேட்டார். ஒவ்வொரு சாமானிலும் ஒன்றை உண்மையாகவே றாக்கையில் வைப்போம், மற்றவை முடிந்து அதைத் தொடும் முன்பே எங்கள் ஸ்டோரில் மணி அடித்துப் புதுசு புறப்படுகிற மாதிரி சிஸ்டத்தில் ஒரு வழி இருக்கிறது, உங்கள் பழக்கத்தைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார். அது உண்மைதான். இப்போதும் எல்லா ஸ்டோரிலும் அந்த மணி இருக்கிறது. ஆனால் முதலில் அந்தப் பம்புச் சக்கரத்தைத் திருத்த வேணும். பழக்கும்போது சேர் பட்டனைத் தொடமாட்டார் என்று சொன்னேனே. அன்றைக்கும் தொடவில்லை. சைபர் போடுங்கோ என்று காத்துக்கொண்டு நின்றார்.

றாத்தா விரலைக் கொண்டுபோனா. திருப்பி எடுத்தா. "அந்தப் புள்ளைக்கு எத்தின குழந்தை?" என்று ரெஜினாவைப் பற்றி என்னைக் கேட்டா. "ரெண்டு" என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமத்தினா. ஸ்கிரீனில் சைபர் வந்தது. அவ அதைப் பார்க்கவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுப் புத்தளத்தில் மகளிடம் போய்விட்டா. போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. பின்னேரங்களில் போன் அடித்தால் கொஞ்சக் காலம் நான் அவவென்று நினைத்து எடுத்தேன். சேரும் மாற்றமாகி வேறு இடம் போனார். மூச்சு நோய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ரெஜினா கிழிந்த வலை பொத்துகிற வேலைக்கு வந்தாள். நூல் வாங்க என்னிடம்தான் வர வேணும். அந்த நாளைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் எடுத்ததில்லை. நான் ஓய்வு பெறப்போகிற வருசம், ஒரு பின்னேரம், ஸ்டோரில் வேறு ஆள் இல்லாத நேரம், மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ரெஜினா, நூலோ?"

"ஓம் அக்கா." பிறகு, "அண்டைக்கு அந்தச் சாமான் அங்க இருந்திருந்தா அவர் தப்பியிருப்பாரோ?" என்றாள்.

பங்குச் சாமி அவளுக்குச் சொன்ன பதில் எனக்குத் தெரியும். கடவுளின் சித்தம். சொந்தக்காரர் சொன்னதும் தெரியும். வள்ளம் அன்றைக்கே போயிருந்தாலும் அந்தக் காற்றில் கண்டிருக்கமாட்டார்கள் என்று. அவளுக்கு எது ஆறுதல் என்றும் எனக்குத் தெரியும். ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். என் வாய் வரைக்கும் வந்தது.

"தெரியாது, பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். "நீங்கள் ஒராள்தான் இப்பிடிச் சொன்னது. மற்ற எல்லாரும் இல்லை, இல்லை எண்டு சொல்லி, நான் கேக்கிறதையே விட்டிட்டன்" என்றாள். "நானும் அப்பிடித்தான் நினைக்கிறன் அக்கா. தெரியாது." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு நாலாம் நம்பர் நூல் இரண்டு கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். துண்டில் கையெழுத்து வைத்தாள். வாசலில் கொஞ்சம் நின்றாள், காற்றுக்கு சாறியை இழுத்துச் சொருகினாள், போனாள்.

ஸ்கிரீன் திறந்தே கிடந்தது. இரண்டு நூல் குறைந்து காட்டியது. அவளிடம் குறைந்ததைப் போட அதில் ஒரு இடமும் இல்லை. நான் கதவைப் பூட்டிவிட்டு வீட்டை வந்தேன்.